ஒற்றை ஃபோகஸா, தொடர் ஃபோகஸா: ஆட்களைப் படமெடுக்கையில் எதை நம்புவது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். ஃபுல் ஃபிரேம் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள, ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட மிரர்லெஸ் கேமராவில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது, தெளிவின் ஆழம் குறைவு) பொருத்திப் பெரும்பாலும் ஆட்களையே படமெடுக்கிறேன். அமர்ந்தோ நின்றோ இருப்பவர்களின் உருவப்படங்களும் ஓடியாடும் குழந்தைகளின் படங்களும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருக்கும். அசையாதவற்றுக்கு ஏஎஃப்-எஸ் (ஒற்றை ஃபோகஸ்), அசைபவற்றுக்கு ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்) என்பதே கேமராக் கையேட்டிலிருந்து காணொலிகள் வரை எல்லா இடங்களிலும் சொல்லப்படும் விதி. நானும் அதைத்தான் பின்பற்றி வருகிறேன்.

ஆனால் அந்த விதி ஓரளவுக்கு மேல் கைகொடுக்கவில்லை. அமைதியாக அமர்ந்திருப்பவரை ஏஎஃப்-எஸ் முறையில், ஃபிரேமின் நடுவிலுள்ள ஃபோகஸ் புள்ளியை, அதாவது நடுப்புள்ளியை, கண்ணின் மேல் வைத்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பூட்டிக்கொண்டு, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேமைச் சரிசெய்து எடுக்கிறேன். பச்சைக் கட்டம் தெளிவாக ஒளிர்ந்த பிறகும் சில படங்களில் கண்ணிமை மங்கலாகவும் காதுக்கு முன்னால் விழும் முடி துல்லியமாகவும் பதிவாகிறது. அதே ஆளை ஏஎஃப்-சிக்கு மாற்றிக்கொண்டு அதே விதமாக எடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: முகம் முழுவதும் கரைந்துபோய், பின்னாலிருக்கும் சுவர் பளிச்சென்று வந்துவிடுகிறது. குழந்தைகள் என்னை நோக்கி ஓடிவரும்போது ஏஎஃப்-சியில் தொடர்ச்சியாக எடுக்கும் வரிசைகளில் சில படங்கள் அருமையாக இருக்கின்றன, அடுத்தடுத்தவை இல்லை. எதனால் என்று பிடிபடவில்லை.

அசைகிறதா இல்லையா என்பதைவிடத் துல்லியமான அளவுகோல் ஏதேனும் உண்டா? அமர்ந்திருப்பவரைக்கூட ஏஎஃப்-சியிலேயே எடுக்கலாம் என்று சிலர் சொல்வது சரியா? ஒரே நிகழ்வில் இரண்டும் மாறி மாறித் தேவைப்படும்போது, மெனுவுக்குள் போய்த் தேடாமல் சமாளிக்க வழி உண்டா? லென்ஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1

லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டாம். நீங்கள் விவரித்தவற்றில் லென்ஸின் குறையாகத் தோன்றுவது எதுவும் இல்லை. ஏஎஃப்-எஸ் முறையில் காதோர முடி தெளிவாவதற்கு ஒரு காரணம், ஏஎஃப்-சியில் சுவர் தெளிவாவதற்கு வேறொரு காரணம், ஓடிவரும் குழந்தைகள் கைநழுவுவதற்கு இன்னொரு காரணம்.

முதலில் நீங்கள் கேட்ட அளவுகோலைப் பார்ப்போம். ஏஎஃப்-எஸ் முறையில், பொத்தானைப் பாதி அழுத்தியதும் கேமரா தூரத்தைக் கணித்து லென்ஸை அங்கே நிறுத்திவிடும். நீங்கள் விரலை எடுக்கும் வரை அதை நகர்த்தாது. ஏஎஃப்-சி முறையில், விரல் பொத்தானில் இருக்கும் வரை தூரத்தை விடாமல் அளந்து லென்ஸை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: ஃபோகஸ் பூட்டப்பட்ட கணத்துக்கும் ஷட்டர் திறக்கும் கணத்துக்கும் இடையில், கேமராவுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், தெளிவு கிடைக்கும் ஆழத்தைத் தாண்டி மாறுமா? உங்களைச் சுற்றி ஒரே தூரத்தில் வட்டமாக ஓடுபவரை ஏஎஃப்-எஸ்ஸிலும் பிடித்துவிடலாம் (அதற்கு ஏற்ற ஷட்டர் வேகம் வேண்டும் என்பது தனி விஷயம்). நாற்காலியை விட்டு எழாமல், பேச்சு சுவாரசியத்தில் சற்றே முன்னால் சாய்பவரை அதே ஏஎஃப்-எஸ் தவறவிட்டுவிடும்.

இந்த ஆழம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கிவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரில், 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து, 2 மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுக்கும்போது, தெளிவாகத் தோன்றும் பகுதியின் மொத்த ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே, கண்ணுக்கு முன்னால் 3 செ.மீ., பின்னால் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் அதே அப்பர்ச்சரில் (எஃப் எண் குறிக்கும் துளை அளவில்), அதே தொலைவில், 17 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். அதனால்தான் 50 மி.மீ. லென்ஸில் பழகிய வழக்கங்கள் 85 மி.மீ. லென்ஸுக்கு மாறியதும் பலருக்குக் கைவிட்டுப் போகின்றன. 3 செ.மீ. என்பது, நின்றுகொண்டிருப்பவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றும்போதே கடந்துவிடக்கூடிய தூரம். அவர் சிலைபோல் இருந்தாலும், கேமராவைக் கையில் பிடித்திருக்கும் நீங்கள் அப்படி இருக்க முடியாது.

இதோடு கேமராவைத் திருப்புவதால் வரும் பிழையும் சேர்கிறது. தெளிவு கிடைப்பது சென்சாருக்கு இணையான ஒரு தளத்தில். நடுப்புள்ளியால் கண்ணைப் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பும்போது அந்தத் தளமும் உடன் திரும்புகிறது. கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2 மீட்டர் தொலைவில் கேமராவை 10 பாகை திருப்பினால் தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளிப்போகும், 15 பாகை என்றால் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக. இந்தப் பிழை எப்போதும் பின்பக்கமாகவே விழும். கண்ணிமை மங்கி, அதற்குப் பின்னாலுள்ள முடி தெளிவாவது இதனால்தான். தீர்வு எளிது: நடுப்புள்ளியை விட்டுவிட்டு, ஃபோகஸ் புள்ளியையே கண் வரப்போகும் இடத்துக்கு ஜாய்ஸ்டிக்காலோ தொடுதிரையாலோ நகர்த்தி வைத்து, கேமராவைத் திருப்பாமல் எடுங்கள்.

ஏஎஃப்-சியில் சுவர் தெளிவானதில் கேமராவின் குற்றம் எதுவும் இல்லை. நீங்கள் திருப்பியபோது புள்ளி முகத்தைவிட்டு விலகிச் சுவரின் மேல் போய் நின்றது. தொடர்ந்து அளந்துகொண்டிருந்த கேமரா, சொன்ன சொல் தட்டாமல் சுவருக்கு ஃபோகஸ் செய்தது. ஷட்டர் பொத்தானால் பூட்டித் திருப்பும் பழக்கமும் ஏஎஃப்-சியும் ஒத்துப்போகா.

ஓடிவரும் குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பமானது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஒரு குழந்தை உங்களை நோக்கி ஓடிவருவதாகக் கொள்வோம். பொத்தானை முழுவதும் அழுத்தியதிலிருந்து ஷட்டர் திறப்பதற்குள் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு கழிந்தாலும், குழந்தை 15 செ.மீ. முன்னால் வந்திருக்கும். எனவே கேமரா இப்போதைய தூரத்தை அளந்தால் போதாது. ஷட்டர் திறக்கும் கணத்தில் குழந்தை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து லென்ஸை அங்கே கொண்டு நிறுத்த வேண்டும். ஏஎஃப்-சி செய்வது இந்தக் கணிப்பைத்தான். ஒரே வேகத்தில் நேராக வருபவருக்கு இது நன்றாக வேலை செய்யும். திடீரென்று நிற்பதும் திரும்புவதும் குழந்தைகளின் இயல்பு என்பதால், அந்தத் திருப்பங்களில் ஓரிரு படங்கள் போகத்தான் செய்யும். அதைவிட முக்கியமாக, கணிக்க வேண்டுமானால் கேமராவுக்கு முதலில் சில அளவீடுகள் கிடைத்திருக்க வேண்டும். பொத்தானை எடுத்த எடுப்பிலேயே முழுவதும் அழுத்தாமல், பாதி அழுத்திய நிலையில் அரை நொடியாவது குழந்தையைப் பின்தொடர்ந்து, அதன் பிறகு எடுக்கத் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் மெனுவில் பாருங்கள். ஃபோகஸ் கிடைத்தால்தான் ஷட்டரைத் திறப்பேன் என்பது ஃபோகஸ் முன்னுரிமை. கிடைக்காவிட்டாலும் நீங்கள் அழுத்தியதும் திறந்துவிடுவேன் என்பது ரிலீஸ் முன்னுரிமை. நிகான் கேமராக்கள் பலவற்றில் வாங்கும்போதே ஏஎஃப்-எஸ்ஸுக்கு முதலாவதும் ஏஎஃப்-சிக்கு இரண்டாவதும் அமைந்திருக்கும். சோனியில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலைத் தேர்வும் உண்டு. அப்படியானால் ஏஎஃப்-சியில் விழும் ஒவ்வொரு மங்கலான படமும் கேமரா ஏமாந்ததால் வந்தது என்று சொல்ல முடியாது. சிலவற்றைத் தெளிவில்லை என்று தெரிந்தே அது எடுத்திருக்கும்.

மறுமொழி 2

மேலே எழுதியவரின் கணக்குகள் அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் அவர் காட்டும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நின்று யோசிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அமர்ந்திருப்பவர் எப்போது சிரிப்பார், எப்போது தலையைத் திருப்புவார் என்று யாருக்குத் தெரியும்? ஆட்களைப் படமெடுப்பவர் கேமராவை நிரந்தரமாக ஏஎஃப்-சியில் வைத்துவிட்டு, எப்போது அளக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் தம் கட்டைவிரலிடம் ஒப்படைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இதற்குப் பின்பொத்தான் ஃபோகஸ் என்று பெயர். ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸ் வேலையை மெனுவில் நீக்கிவிட்டு, கேமராவின் பின்புறம் உள்ள ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெயரில் தனிப் பொத்தான் இல்லாத கேமராக்களில், பின்புறம் கட்டைவிரலுக்கு எட்டும் வேறொரு பொத்தானுக்கு அந்த வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு, கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஏஎஃப்-சி தொடர்ந்து பின்பற்றும். விரலை எடுத்த கணத்தில் லென்ஸ் அப்படியே நின்றுவிடும், அதாவது ஏஎஃப்-எஸ்ஸில் பூட்டியதற்கு நிகர். மெனுவைத் தொடாமல் இரு முறைகளும் ஒரே விரலில் அடங்கிவிடுகின்றன. நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ஏஎஃப்-சியின் முன்னுரிமையை ஃபோகஸ் என்று மாற்றி வைத்திருந்தால், கட்டைவிரலை எடுத்துவிட்டு ஃபிரேமை நகர்த்தியபின், புள்ளி விழும் இடம் தெளிவில்லாததால் சில கேமராக்கள் ஷட்டரைத் திறக்க மறுத்துவிடும். பின்பொத்தானைப் பழகுபவர்கள் ரிலீஸ் முன்னுரிமையில் இருப்பதே தொல்லையில்லாதது. கேமராவை வேறொருவரிடம் கொடுத்து உங்களை எடுக்கச் சொல்லும்போது பழைய அமைப்புக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அவர் ஷட்டரை மட்டும் அழுத்துவார், வருவதெல்லாம் புகைமூட்டமாக இருக்கும்.

உங்களுடையது கண்ணைக் கண்டறியும் வசதியுள்ள மிரர்லெஸ் கேமரா என்றால், புள்ளியை நகர்த்தும் வேலையே இல்லை. அதை ஏஎஃப்-சியுடன் சேர்த்து இயக்கினால், ஆள் ஃபிரேமின் எந்த மூலைக்குப் போனாலும் சிறு கட்டம் கண்ணோடு கூடவே போகும். கேமராவை எவ்வளவு திருப்பினாலும் சுவருக்குத் தாவாது. இந்த இணைப்பு எல்லாக் கேமராக்களிலும் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 2018இல் வெளிவந்த கேனான் இஓஎஸ் ஆர், முதலில் ஒற்றை ஃபோகஸில் மட்டுமே கண்ணைக் கண்டறிந்தது. தொடர் ஃபோகஸுக்கு அந்த வசதி 2019இல் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு வழியாகத்தான் வந்தது. எனவே உங்கள் கேமராவின் ஃபர்ம்வேர் புதியதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. புள்ளியை நகர்த்தி, திருப்பாமல் எடுத்தபோது காதோர முடிச் சிக்கல் உடனே நின்றுவிட்டது. என் கேமராவில் கண்ணைக் கண்டறியும் வசதி இருக்கிறது. ஏஎஃப்-எஸ்ஸுக்கு மட்டும்தான் அது பயன்படும் என்று நினைத்து, ஏஎஃப்-சிக்கு மாறும்போதெல்லாம் அணைத்து வைத்திருந்தேன். பின்பொத்தானுக்குக் கட்டைவிரல் இன்னும் பழகவில்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. மங்கலான வெளிச்சத்தில் ஏஎஃப்-சியில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கிறது; இரண்டு வரிசையாக நிற்கும் குழுவை எடுக்கும்போது இது பெரும் தொல்லையாகிறது. அங்கும் ஏஎஃப்-சிதானா? அடுத்து, மெனுவில் ஏஎஃப்-ஏ என்றும் ஒன்று இருக்கிறது. ஆள் அசைகிறாரா என்று கேமராவே பார்த்து முறையை மாற்றிக்கொள்ளுமாம். அதைப் பற்றி நீங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லையே?

மறுமொழி 3

குழுப் படத்துக்கும் மங்கலான வெளிச்சத்துக்கும் ஏஎஃப்-எஸ்தான் என்று தயங்காமல் சொல்வேன். எப்போதும் ஏஎஃப்-சி என்ற மேலுள்ள நண்பரின் கொள்கை இந்த இடத்தில் தடுமாறும்.

சென்சாரில் உள்ள ஃபேஸ் டிடெக்‌ஷன் புள்ளிகள், லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒரே அளவீட்டில் சொல்லிவிடும். வெளிச்சம் குறையும்போது அந்த அளவீட்டில் இரைச்சல், அதாவது தாறுமாறான பிழை, கலந்து விடை நிலையில்லாமல் ஆடும். ஏஎஃப்-சியோ கிடைக்கும் ஒவ்வொரு விடைக்கும் லென்ஸை நகர்த்தப் பார்க்கும். நீங்கள் காணும் துடிப்பு பெரும்பாலும் இதுதான். ஏஎஃப்-எஸ்ஸில் கேமரா சற்று நேரம் எடுத்துக்கொண்டு, தேவைப்பட்டால் லென்ஸை முன்பின் நகர்த்தி கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) உச்சத்தைத் தேடி, ஓரிடத்தில் நிறுத்தி, உறுதி என்று கட்டத்தைப் பச்சையாக்கும். ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கும் பல கேமராக்களில் ஏஎஃப்-எஸ்ஸில் மட்டுமே எரியும். நிகானிலும் கேனானிலும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றினால் அது எரியாது. இருட்டறையில் நிற்பவருக்கு இந்த விளக்கு ஒன்றே போதிய காரணம். கூடவே ஒலிக்கும் 'பீப்' ஓசையை மட்டும் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். எதிரில் நிற்பவர்கள் படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து முகத்தைத் தளர்த்திவிடுகிறார்கள்.

ஏஎஃப்-எஸ்ஸுக்கும் பிடிமானம் வேண்டும். கன்னத்திலோ ஒரே நிறச் சட்டையிலோ புள்ளியை வைத்தால் தடவிக்கொண்டே இருக்கும். கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பு, நெற்றியும் முடியும் சந்திக்கும் கோடு, சட்டைக் காலரின் ஓரம் போன்று வெளிச்சமும் இருளும் சட்டென்று மாறும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் முகத்தின் தூரத்திலேயே இருக்கட்டும்.

இரண்டு வரிசைக் குழுவுக்கு முறையைவிட லென்ஸும் அப்பர்ச்சரும் முக்கியம். 85 மி.மீ. எஃப் 1.8இல் இரண்டு வரிசைகளையும் தெளிவாக்க எந்த ஃபோகஸ் முறையாலும் இயலாது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 5.6இல் வைத்து 4 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 2.6 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 9 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். முன்வரிசையில் இருப்பவரின் முகத்தில் ஏஎஃப்-எஸ்ஸால் ஒருமுறை பூட்டிவிட்டு, நின்ற இடத்தை விட்டு நகராமல் வேண்டிய மட்டும் எடுத்துத் தள்ளலாம். ஏஎஃப்-சியாக இருந்தால், ஒவ்வொரு படத்திலும் கேமரா வேறொரு முகத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. யாரோ ஒருவர் கையசைத்தால் அங்கேயும் போய் வரும்.

இலைகளுக்கிடையிலோ கம்பி வலைக்குப் பின்னாலோ இருப்பதை எடுக்கும்போதும் ஒற்றைப் புள்ளியுடன் ஏஎஃப்-எஸ் சிறந்தது. ஒருமுறை சரியான இடத்தில் பூட்டிவிட்டால் முன்னால் ஆடும் இலை அதைக் கலைக்காது. மாறாக, பூவையும் பூச்சியையும் கையில் பிடித்த கேமராவால் மிக நெருங்கி எடுக்கும்போது, அவை அசையாவிட்டாலும் ஏஎஃப்-சி உதவும். ஃபுல் ஃபிரேமில் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் (பொருள் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது), எஃப் 8இல்கூடத் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.தான், உங்கள் மூச்சே அதைக் கடந்துவிடும். முக்காலி இருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, கையால் ஃபோகஸ் செய்துவிடலாம்.

ஏஎஃப்-ஏ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேனானில் ஏஐ ஃபோகஸ் என்ற பெயரில் வருவதும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான்: ஒற்றை ஃபோகஸில் தொடங்கி, ஆள் அசைவதாகத் தெரிந்தால் தொடருக்கு மாறும். அந்த முடிவை எடுக்க அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். ஓடத் தொடங்கும் குழந்தையின் முதல் சில அடிகளை அங்கேயே இழந்துவிடுவீர்கள். தலைகீழாக, உங்கள் கை ஆடியதையே ஆளின் அசைவாக எடுத்துக்கொண்டு, பூட்டியதை விட்டுவிடவும் கூடும். எந்த முறையில் இருக்கிறோம் என்பதே தெரியாத நிலை எனக்கு உவப்பானதாக இல்லை.

மறுமொழி 1 எழுதியவரின் பின்குறிப்பு

இருட்டு பற்றிய திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். குழந்தைகளின் படவரிசையில் எஞ்சியிருக்கும் சிக்கலுக்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பின்தொடரும் உணர்திறன். இதை உயர்த்தி வைத்தால், குழந்தைக்கு முன்னால் யாராவது குறுக்கே வரும்போது கேமரா உடனே அவருக்குத் தாவிவிடும்; தாழ்த்தி வைத்தால், சற்று நேரம் பொறுத்து, பழைய ஆளையே மீண்டும் பிடித்துக்கொள்ளும். கூட்டமாக விளையாடும் குழந்தைகளில் ஒருவரை மட்டும் எடுக்க விரும்பினால் தாழ்த்துங்கள். ஒரே குழந்தை சட்டென்று முன்னும் பின்னும் பாய்ந்து விளையாடினால் நடுநிலையிலோ சற்று உயரத்திலோ வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, தொடர்படத்தின் வேகம். சில கேமராக்களில், மிக உயர்ந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் ஏஎஃப்-சியில் இருந்தாலும் முதல் படத்துக்குக் கணித்த ஃபோகஸிலேயே மீதிப் படங்கள் அனைத்தும் எடுக்கப்படும். கையேட்டில் தொடர்படப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில்தான் இது இருக்கும். உங்கள் வரிசைகளில் முதல் படம் மட்டும் தெளிவாகவும் அடுத்தடுத்தவை வரவர மங்கலாகவும் இருந்தால், வேகத்தை ஒரு படி குறைத்து மீண்டும் எடுத்துப் பாருங்கள்.